வெள்ளைப் புடவையில் விழுந்த கரி

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு வெள்ளைப் புடவை இருக்கிறது. என்னுடையது அல்ல, எங்கள் சபையில் பாடகர் குழுவை நடத்திய கொயர் அக்காவுடையது. அதை வெள்ளை என்று சொல்வது பழக்கத்தால்தான். முந்தானையை விரித்துப் பிடித்தால், யாரோ ஒரு கைப்பிடி எள்ளை அள்ளி வீசியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். விறகுச் சாம்பல் விழுந்த துணியைத் தட்டினால் உதிர்ந்துவிடும். இது உதிராது. விரலால் தேய்த்தால் மை இழுத்ததுபோல நீளும், சோப்புப் போட்டால் இன்னும் அகலும். அக்கா எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தார், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். கடைசியில் புள்ளிகளெல்லாம் மடிப்புக்குள் போய்விடும்படி முந்தானையை மடித்துத் தோளில் ஊக்குக் குத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தும்பைப்பூ மாதிரிதான் தெரிந்தது. அந்தப் புடவையைக் கையில் எடுக்கும்போது எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

நான் கல்யாணமாகிப் போத்தனூருக்கு வந்த புதிதில் எனக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. சிங்காநல்லூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி ஆபீஸில் வேலை, அங்கிருந்து திரும்பினால் வீடு, ஞாயிற்றுக்கிழமை சபை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. ஐம்பதை நெருங்கிய, கொஞ்சம் கட்டையான, மூக்குக் கண்ணாடி போட்ட அம்மா. நான் பெஞ்சில் உட்கார்ந்து முணுமுணுவென்று பாடியதை மூன்று வரிசை தள்ளி நின்று கேட்டுவிட்டாராம். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கொயர் பயிற்சிக்கு ஆலயத்தை ஒட்டியிருக்கும் ஹாலுக்கு வந்துவிட வேண்டும் என்றார். வருகிறாயா என்று கேட்கவே இல்லை. ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் அவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆயிரம் பேருக்கு நடுவில் தன் குரலைக் கேட்க வைத்துப் பழகியவரிடம் மறுத்துப் பேச முடியுமா? சபையில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் கொயர் அக்காதான். போதகர் ஐயாவே அப்படித்தான் கூப்பிடுவார்.

பாடுவதற்கு முன்னால் எங்கள் கொயரில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் எழுந்து நின்று வயிற்றின்மேல் கை வைத்துக்கொள்ள வேண்டும். அக்கா தன் கையை மெதுவாக மேலே தூக்குவார். கை மேலே போகப் போக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கையைத் தாழ்த்தினால்தான் விடலாம். சில நாள் வேண்டுமென்றே கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, ரயில் ஏதாவது கடந்து போகும்வரை எங்களை முழிபிதுங்க வைப்பார். "பாட்டு தொண்டையில இல்லீங்க அம்மணி, மூச்சுலதான் இருக்குது" என்பது அவர் வாய்ப்பாடு. கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில் எல்லோரும் வரியை முடித்துவிட்ட பிறகும் அவர் குரல் மட்டும் அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்தபடி நிற்கும். நடுங்காது, தேயாது. மரக்கூரைக்குக் கீழே அது நின்றுகொண்டிருக்கும்போது குழந்தைகள்கூடச் சிணுங்காமல் அண்ணாந்து பார்க்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு இருக்கும், இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன் என்பதுபோல.

அந்த மரக்கூரைதான் ஆலயப் புதுப்பிப்பில் முதலில் போனது. ஓடு ஒழுகியது உண்மை, கரையான் இருந்ததும் உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஊரில் புதிதாகக் கட்டுகிற கல்யாண மண்டபங்களைப் பார்த்துப் பார்த்துக் கமிட்டிக்காரர்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஃபால்ஸ் சீலிங் வேண்டும், ஏசி வேண்டும், பீடத்துக்குப் பின்னால் மைக்கா ஒட்டிய ப்ளைவுட் சுவர் வேண்டும், அதற்குள்ளிருந்து விளக்கு எரிய வேண்டும். வேலையை ஏற்றுக்கொண்டவர் எங்கள் சபையைச் சேர்ந்த காண்ட்ராக்டர். லாபம் வைக்காமல் செய்து தருகிறேன் என்று சொன்னார், அப்படித்தான் செய்தார் என்றும் நினைக்கிறேன். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கி நின்று பேசுகிற மனிதர். சின்னப் பையனைக்கூட 'வாங்க போங்க' என்றுதான் பேசுவார். நான் கோபப்படுவது அவருடைய கெட்ட குணத்தின்மேல் அல்ல. கெட்ட குணமாக இருந்திருந்தால் ஒரே நாளில் சண்டை போட்டுத் தீர்த்திருப்போம்.

லெந்து என்கிற நாற்பது நாள் தவக்காலத்தில் வேலை ஆரம்பித்தது, ஈஸ்டருக்குள் முடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு கூரை எழும்பும்போது எவ்வளவு குப்பை விழும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வெட்டி மீந்த பி.வி.சி. பட்டைகள், தெர்மாகோல் துண்டுகள், ஏசி குழாய்மேல் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்சு, மைக்கா ஓரங்கள், ப்ளைவுட் சில்லுகள், வயர் தோல், பெயிண்டு காய்ந்த டப்பாக்கள். இதையெல்லாம் லாரி வைத்து ஏற்றி அனுப்ப வேண்டியதுதான் முறை. ஆனால் காம்பவுண்டின் மேற்கு மூலையில் ஒரு குழி தோண்டி, பகலெல்லாம் அதில் கொட்டி, சாயங்காலம் வேலை ஓய்ந்ததும் தீ வைத்தார்கள். போத்தனூர் பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்தபடி இருக்கிற ஊர். பொழுது சாயும் நேரத்தில் மேற்கேயிருந்து காற்று வரும் என்பது இங்கே ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். அந்தக் காற்றுக்காகவே எங்கள் ஹாலின் மேற்குச் சன்னல்களைப் பெரிதாக வைத்திருந்தார்கள். அந்தச் சாயங்கால நேரத்தில்தான் தினமும் ஈஸ்டருக்கான எங்கள் பயிற்சி.

சன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். அது விறகுப் புகை மாதிரி கண்ணைக் கரித்துவிட்டுப் போகிற புகை அல்ல. இனிப்பும் கசப்புமாக ஒரு நாற்றம், அதற்குப் பிறகு பழைய சாவியை நக்கியதுபோல நாக்கில் ஒரு ருசி. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாலும் சோற்றில் அதே ருசி வரும். முதல் நாள் அக்கா வழக்கம்போலக் கையைத் தூக்கினார். நாங்களும் வழக்கம்போல வயிறு நிறைய மூச்சை இழுத்தோம். பாதியிலேயே ஆண்கள் வரிசை இருமத் தொடங்கியது. அக்கா கையை அப்படியே வைத்துக்கொண்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு கையைத் தாழ்த்தி, இன்றைக்கு மூச்சுப் பயிற்சி வேண்டாம், நேரே பாட்டுக்குப் போய்விடலாம் என்றார். நான் அந்தக் கொயரில் சேர்ந்த பிறகு அவர் அதை விட்டது அதுதான் முதல் தடவை. சும்மா உட்கார்ந்திருப்பவரைவிடப் பாடுகிறவருக்கு உள்ளே போகிற காற்று அதிகம் இல்லையா? நாங்கள் அந்தப் புகையைக் குடம் குடமாக மொண்டு குடித்துக்கொண்டிருந்தோம்.

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா குழிக்கே போனார். தீ மூட்டிக்கொண்டிருந்தவர்கள் பீகார்க்காரப் பிள்ளைகள். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார்கள், கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. அவர்களைச் சொல்லி என்ன பயன் என்று அக்கா காண்ட்ராக்டர் வருகிறவரை அங்கேயே நின்றார். நானும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் நின்றோம். அவர் வந்ததும் அக்கா ஒளிவுமறைவில்லாமல் கேட்டார்.

"ஏனுங்க, இதையெல்லாம் லாரியில ஏத்தி அனுப்பிச்சுப்போடுங்க. இங்க மூச்சு வாங்கிப் பாடறவங்க இருக்கறோம். எங்களையென்ன வாழைத்தாராட்டம் புகை போட்டுப் பழுக்க வெக்கறீங்களா?"

வாழைத்தார் என்றதும் நாங்கள் சிரித்துவிட்டோம். தமிழ் பாதி புரிகிற அந்தப் பிள்ளைகளில் ஒருவனும் சிரித்துவிட்டான். கூலிக்காரர்களுக்கு முன்னால் சிரிப்பாகிப் போனதில் காண்ட்ராக்டர் முகம் சுருங்கிவிட்டது. சரிங்க, பார்த்துக்கொள்ளலாமுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. கொயர் சார்பாக அக்காவோடு நானும் போயிருந்தேன். காண்ட்ராக்டர் எழுந்து, தன்னால் கொயர் அக்காவுக்கு மனச்சங்கடம் என்றால் தான் வேலையிலிருந்து ஒதுங்கிக்கொள்வதாகவும், வேறு நல்ல ஆளாகப் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார். குரலில் துளி உஷ்ணம் இல்லை. கண் கலங்கியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். பாதிக் கூரை அந்தரத்தில் தொங்குகிறது, ஈஸ்டர் வாசலில் நிற்கிறது. கமிட்டிக்காரர்கள் ஆளாளுக்கு அவரைச் சமாதானப்படுத்தினார்கள். கர்த்தருடைய வேலையைக் கைக்காசு போட்டுச் செய்கிறவரை வாழைத்தார் அது இது என்று பேசலாமா என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். சடவு வந்துவிட்டால் சபைக்கு நல்லதில்லை என்றார் இன்னொருவர். சடவு என்றால் எங்கள் பக்கத்தில் சண்டையைவிடப் பெரியது. சண்டை போட்டவர்கள் பேசிக்கொள்வார்கள். சடவு வந்தவர்கள் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார்கள். அத்தனை பேர் அவ்வளவு நேரம் பேசினார்களே, அந்தக் குழியைப் பற்றி ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. எரிப்பதை நிறுத்துவாரா என்று யாரும் கேட்கவில்லை. அவர் மனது ஆறிவிட்டதா என்று மட்டும் கேட்டார்கள். நெருப்பில்லாமல் புகையாது என்று உலகம் சொல்கிறது. எங்கள் சபையில் நெருப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே புகை இல்லை என்றார்கள்.

போதகர் ஐயா அக்காவைப் பார்த்து, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்றார். அக்கா எழுந்தார். டிக்கெட் கவுண்டரில் எவனெவனோ கத்தியபோதெல்லாம் அசராத மனுஷி. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நான் ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க" என்றார். காண்ட்ராக்டர் பதறிப்போய், பெரியவங்க மன்னிப்பெல்லாம் கேட்கலாமாங்க என்று கைகூப்பினார். எல்லோருக்கும் மனது குளிர்ந்தது. ஜெபத்தோடு கூட்டம் முடிந்தது. வெளியே வந்தபோது அக்கா என் தோளைத் தட்டி, பரவாயில்லை கண்ணு என்றார். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் சாயங்காலம் ஹால் வாசலில் பேக்கரியிலிருந்து ஒரு பெரிய கேன் டீயும், ஒரு டப்பா தேங்காய் பன்னும் வந்து இறங்கின. காண்ட்ராக்டர் அனுப்பியிருந்தார், கொயர்க்காரர்கள் பாடிக் களைத்துப் போவார்களே என்று. அதற்கு அடுத்த நாளும் வந்தது. ஈஸ்டர்வரை தவறாமல் வந்தது. அங்கே குழியில் தீயும் தவறாமல் எரிந்தது. எங்கள் ஊர் மரியாதைக்குப் பேர் போனது, எனக்கும் அதில் பெருமைதான். வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டிவிட்டுப் போகிற ஜனங்கள் நாங்கள். ஆனால் ஒருவன் கையால் ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டால், அதன் பிறகு அவன் வீட்டுக் கூரை நம் தலையில் விழுந்தாலும் 'லேசாத்தானுங்க பட்டுச்சு' என்று சொல்வோம். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்கக் கூடாது அல்லவா? பன் தின்ற வாயை வைத்துக்கொண்டு எப்படிப் போய்க் கேட்பது என்று பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிற அண்ணன் ஒருவர் என்னிடமே கேட்டார். கேட்டுவிட்டு இருமினார்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை கொயர்ப் பெண்கள் பண்டிகைக்குக் கட்டும் வெள்ளைப் புடவைகளைத் துவைத்து ஹாலுக்குப் பின்னால் கொடியில் போட்டோம். அன்றைக்குக் குழியில் என்ன போட்டார்களோ, கரும்புகை சுருண்டு சுருண்டு வந்தது. போய் எடுக்கும்போது ஒரு புடவை தப்பவில்லை. விஷயம் தெரிந்து காண்ட்ராக்டர் ஓடி வந்தார். ஐயோ பாவமே என்று உண்மையாகவே வருந்தி, மூன்றாம் நாள் கொயர்ப் பெண்கள் எல்லோருக்கும் புதுப் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டார். நல்ல புடவை, சரிகைக் கரை வைத்தது. அக்கா ஒருவர்தான் வாங்கவில்லை. தன்னிடம் இருப்பதே போதுமுங்க என்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டபோது பணிவு என்று மெச்சியவர்கள், புடவை வாங்காதபோது திமிர் என்றார்கள்.

நான் இதை யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். புடவையில் விழுந்தவை பெரிய துகள்கள், கண்ணுக்குத் தெரிந்தவை. கனமாக இருந்ததால்தான் அவை கீழே விழுந்தன. விழாமல் மிதந்தவை எத்தனை? மாவுச் சல்லடையில் சலித்தால் தவிடு மேலே தங்கும், மாவு கீழே இறங்கிவிடும். அந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத மாவையெல்லாம் நாங்கள் சுவாசித்துக்கொண்டிருந்தோம். கெட்டுப்போன புடவைக்காக ஐயோ பாவம் என்றவர்களில் ஒருவருக்கும், புடவைக்குப் பக்கத்தில் நின்றவர்களின் நெஞ்சு என்ன ஆகியிருக்கும் என்று தோன்றவில்லை.

ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனையில் புதுக்கூரை பளபளத்தது. ஒளிந்திருந்த விளக்குகள் நீலமும் மஞ்சளுமாக மாறி மாறி எரிந்தன. எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கடைசிச் சரணத்துக்கு வந்தோம். எல்லோரும் முடித்தோம், அக்காவின் குரல் வழக்கம்போல மேலே நின்றது. பிறகு நூல் அறுந்ததுபோல நின்றுவிட்டது. அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். கீபோர்டு வாசிக்கிற தம்பி சமயோசிதமாக அடுத்ததை வாசித்துச் சமாளித்தான். பாட்டு நன்றாக இருந்தது என்று பலர் வந்து கைகுலுக்கினார்கள். வாசலில் சலவைக்கல் ஒன்றைத் திறந்து வைத்தார்கள், காண்ட்ராக்டரின் பெயரும் கமிட்டிக்காரர்கள் பெயரும் பொன் எழுத்தில் இருந்தன. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு அக்காவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. மார்கழிப் பனியில் இருமல், ஆடிக் காற்றில் இருமல், பிறகு காரணமே இல்லாமல் இருமல். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸில் எல்லோருக்கும் முன்னால் நடப்பவர், மாடிப்படி உள்ள வீடு என்றால் கீழேயே நின்றுவிட ஆரம்பித்தார். ஒருமுறை நெஞ்சு டாக்டரிடம் நான் கூடப் போனேன். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா, விறகடுப்பா, மில்லில் வேலை பார்த்தீர்களா என்று டாக்டர் வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அக்கா தலையை ஆட்டி இல்லை என்றார். அப்படியானால் புகையே பட்டதில்லையா என்று டாக்டர் கேட்டதற்கு, "நான் பாட்டுப் பாடுவேனுங்க" என்றார். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் குழியின் கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அந்தப் புகைதான் காரணம் என்று அவர் எழுதித் தரவில்லை. அது காரணம் இல்லை என்றும் எழுதித் தரவில்லை. பிளாஸ்டிக் எரிகிற இடத்தில் நிற்பதே தப்பு, அங்கே நின்று யாராவது பாடுவார்களா என்று மட்டும் கேட்டார். சபையில் இதைப் போய்ச் சொன்னேன். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் இருந்திருக்கும் என்று இவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். டிக்கெட் எடுக்க வருகிறவர்கள் குடித்த சிகரெட்டாக இருக்கும் என்றார் ஒருவர். எந்த ஊர்ப் புகையை வேண்டுமானாலும் சொல்வார்கள், தங்கள் காம்பவுண்டுக்குள் எரிந்ததை மட்டும் சொல்லமாட்டார்கள்.

கடைசி இரண்டு வருஷம் அவர் கொயரில் நிற்கவில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பார். அவர் இடத்தில் கொயரை நடத்த நான் முன்னால் நின்று கையைத் தூக்கும்போது, அங்கே அவர் கையும் வயிற்றின்மேல் போவது எனக்குத் தெரியும். என் கை பாதி ஏறுவதற்குள் அவர் மூச்சை விட்டுவிடுவார். அதைப் பார்த்தபடி கையைத் தூக்குவது எனக்குக் கொடுமையாக இருக்கும். அடக்கத்தன்று காண்ட்ராக்டர் பெரிய மலர் வளையத்தோடு வந்தார். அவரும் அதற்குள் கிழவராகியிருந்தார். உண்மையாகவே அழுதார். கர்த்தர் தம்முடைய பாடகியை அழைத்துக்கொண்டார் என்று போதகர் ஐயா பிரசங்கித்தார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. பாட அழைக்கிற கர்த்தர் முதலில் குரலைப் பிடுங்கிக்கொண்டா அழைப்பார்? ஏன் பழியை அவர்மேல் போடுகிறீர்கள்? அடக்கம் முடிந்த சில நாளில் அக்காவின் மகள் என் வீட்டுக்கு வந்து, அம்மா இதை உங்களிடம் கொடுக்கச் சொன்னார் என்று அந்தப் புடவையைத் தந்துவிட்டுப் போனாள்.

போன வாரம் அந்த ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தார்கள். எலி பொத்தல் போட்டுவிட்டது, ஏசி ஒழுகிக் கறை படிந்துவிட்டது, அதைவிட அழகான புதுமாதிரி வந்துவிட்டது. இந்தத் தடவை வேலை எடுத்தது காண்ட்ராக்டரின் மகன். அன்றைக்கு எரிந்தவை வெட்டி மீந்த துண்டுகள். இன்றைக்கு எரிய வேண்டியது முழுக் கூரை. அதே மேற்கு மூலை, அதே இடத்தில் குழி. முதல் நாளே போய் நின்று, இதை இங்கே எரிக்காதீர்கள் என்று மரியாதையாகச் சொன்னேன். சரிங்க்கா, பார்த்துக்கலாமுங்க என்றார். அப்பாவின் அதே வார்த்தை, அதே குழைவு. அன்று சாயங்காலமும் மறுநாளும் எரிந்தது. கமிட்டிச் செயலாளரிடம் சொன்னேன். வேலை முடியும்வரை கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்றார். மூன்றாம் நாள் நான் ஆபீஸிலிருந்து நேராக ஹாலுக்குப் போனபோது சன்னல்களெல்லாம் சாத்திக் கிடந்தன. உள்ளே ஆல்ட்டோ பாடும் பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பேக்கரி கேன் இருந்தது. பக்கத்தில் தேங்காய் பன். காண்ட்ராக்டரின் மகனே நின்று டம்ளரில் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"டீ ஆறிடப் போகுதுங்க்கா, எடுத்துக்குங்க" என்றார்.

எடுத்துக்கொண்டேன். கேனையே எடுத்துக்கொண்டேன். நல்ல கனம், இடுப்பில் அணைத்துத்தான் தூக்க முடிந்தது. ஹாலைச் சுற்றிக்கொண்டு குழிக்குப் போய், மூடியைத் திருகி, எரிகிற குவியலின் தலையில் கவிழ்த்தேன். சுர்ரென்று ஒரு சத்தம், பால் தீய்ந்த நாற்றம், முகத்தில் ஆவி. ஒரு கேன் டீக்கு அவ்வளவு பெரிய தீ அணையுமா? ஒரு ஓரம் மட்டும் கறுத்து அடங்கியது. நான் காலிக் கேனோடு பைத்தியக்காரி மாதிரி நின்றேன். பின்னால் பக்கெட் சத்தம் கேட்டது. ஆல்ட்டோவில் ஒருத்தி கைகழுவும் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதைப் பார்த்துவிட்டு வேலைக்காரப் பிள்ளைகள் சுவருக்குத் தண்ணீர் அடிக்கும் பைப்பை யாரும் சொல்லாமலே இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மூக்கில் கட்டிய துண்டோடு அவர்கள் அதை அணைத்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

காண்ட்ராக்டரின் மகன் முகம் வெளுத்துப்போய் நின்றார். "என்னங்க்கா இப்படிச் செஞ்சுபோட்டீங்க? பொறுமையாச் சொல்லியிருந்தாக் கேட்டிருப்பமில்லீங்க?"

"பொறுமையாத்தான் சொன்னாங்க கண்ணு. உங்கப்பாகிட்டச் சொன்னாங்க. அப்புறம் அவருகிட்டயே மன்னிப்பும் கேட்டாங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அப்போது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். ஆனால் மறுநாள் ஒரு லாரி வந்து மிச்சத்தை அள்ளிக்கொண்டு போனது. இத்தனை வருஷமாக முடியாது என்றிருந்த லாரி.

செயலாளர் நேற்று ஃபோன் செய்தார். அந்தத் தம்பிக்கு மனச்சங்கடமாகிவிட்டதாம், வேலையிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறேன் என்கிறாராம். வருகிற ஞாயிறு கமிட்டிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்று காலை அக்காவின் புடவையை வெளியே எடுத்து இஸ்திரி போட்டேன். முந்தானையை மட்டும் வேறு மாதிரி மடித்திருக்கிறேன், புள்ளிகளெல்லாம் வெளியே தெரிகிறாற்போல. ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் கட்டிக்கொண்டு போகப் போகிறேன்.